தூணுக்குப் பின்னால் ஒரு கச்சேரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் சுமாராக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிற்க.

நீ டிக்கெட் அனுப்பிய கச்சேரிக்குப் போய் வந்தேன். "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதீங்கப்பா, நாலு மனுஷங்களைப் பாருங்க" என்றாயே, நானூறு பேரைப் பார்த்தேன். அந்த நானூறு பேரும் என்னையே பார்த்தார்கள். அந்தக் கூத்தைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு இனிமேல் என்னை எங்கேயும் அனுப்பாதே.

கச்சேரி நாலு மணிக்கு. பஸ் ஓட்டின புத்தி போகுமா, மூன்று மணிக்கே போய் நின்றேன். முந்நூறு வருஷத்துத் தேவாலயம்; கதவே நம் வீட்டு உயரம். வாசலில் டிக்கெட் பார்த்த பெண், "எங்க வேணும்னாலும் உக்காருங்க ஐயா" என்றாள். முப்பத்தொரு வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்தவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? மூன்று பெஞ்சு மாறி, கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டேன். நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத தூண். மேடையில் ஒரே ஒரு முழங்கை தெரிந்தது, அவ்வளவுதான். எழுந்து மாறலாம் என்று பார்த்தால் அதற்குள் கூட்டம் நிரம்பி, பக்கத்தில் சாம்பல் நிறச் சால்வை போர்த்திய ஓர் அம்மா உட்கார்ந்துவிட்டார்.

பெரிதும் சிறிதுமாய் நாலு வயலினாம். விறுவிறுவென்று வாசித்தார்கள், நிறுத்தினார்கள். ஒருத்தரும் கை தட்டவில்லை. பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டு வாசித்திருக்கிறார்களே என்று நான் பலமாகத் தட்டினேன். அந்தச் சத்தம் கூரைவரை போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எனக்கே திரும்பி வந்தது. சால்வை அம்மா என் பக்கம் சாய்ந்து, "இன்னும் முடியலைங்க. நாலு பாகம். கடைசியிலதான் தட்டணும்" என்றார்.

"முடிஞ்சிடுச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"எல்லாரும் தட்டுவாங்க, அப்ப தட்டுங்க."

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இரண்டாவது பாகம் மெதுவானது. நான் பார்த்துக்கொண்டிருந்த முழங்கைக்காரர் வைத்திருந்தது பெரிய வயலின் போல, அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி ஒரு குரல் அதற்கு. கண் சொக்கிவிட்டது. உன் அம்மா கடைசி மாதங்களில் படுத்தபடியே பக்கத்து அறையிலிருந்து "என்னங்க" என்று கூப்பிடுவாளே, அதே குரல். நான் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டேன் அம்மாடி. மனசுக்குள் இல்லை, வாய்விட்டு, டிப்போவில் கத்துகிற குரலில். நானூறு தலையும் திரும்பியது. அந்த அம்மாதான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அதற்கப்புறம் நான் மூச்சுகூடப் பயந்து பயந்துதான் விட்டேன். கடைசியில் எல்லோரும் தட்டினபோதும் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

கூட்டம் கலையட்டும் என்று படியில் நின்றேன். அந்த அம்மாவும் வந்து நின்றார். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஆயுசு முழுக்க "உஷ்" சொன்னவர் பக்கத்திலா நான் உட்கார வேண்டும்!

"யாரு கூப்பிட்டாங்க உங்களை?"

"வீட்டுல."

"இருக்காங்களா?"

"இல்லைங்க. ரெண்டு வருஷமாச்சு."

அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எனக்கு அஞ்சு வருஷம். இப்பவும் காலிங்பெல் அடிச்சா, 'நீங்க போய்ப் பாருங்க'ன்னு உள்ளே இருந்து சொல்றேன். வந்தவங்க வெளியவே நிக்கிறாங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். எதற்குச் சிரித்தோமோ.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்க உள்ளே யாரும் இல்லை. கேட்டிருந்தால் அவளிடமே சொல்லி முடித்திருப்பேன். உனக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டி வந்திருக்காது.

ஆகவே சொல்கிறேன்: இந்த வயசில் எனக்குச் சங்கீதமும் வேண்டாம், நாலு மனுஷரும் வேண்டாம். என் நாற்காலியும் ஜன்னலும் போதும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வேளைக்குச் சாப்பிட்டு, நீங்கள் இருவரும் நூறு வருஷம் சண்டை போட்டுக்கொண்டு ஒன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: வரும் ஞாயிறு சாயங்காலம் போன் செய்து நான் எடுக்கவில்லை என்றால் பதறிப்போய், பக்கத்து வீட்டுக்காரரை விட்டுக் கதவை உடைக்க வைக்காதே. அன்றைக்குப் பியானோவாம். அந்த அம்மா எனக்கும் இடம் போட்டு வைக்கிறாராம்.