கதவு திறந்த கனகம்

செவ்வாய், காலை 6.40: நிப்பாட்டண்ணை மருத்துவமனையில் காலமானார். காரணம் மாரடைப்பு.
காலை 9.15: அவருடைய சட்டைப்பையில் என் தொலைபேசி எண் இருந்ததால் எனக்குத் தகவல் வந்தது.
புதன், பிற்பகல் 2.00: மரண அறிவித்தல் எழுத அமர்ந்தேன்.
2.05: அவருடைய பெயர் தெரியாமல் எழுந்தேன்.

ஒரு படத்தைக்கூட முடிவுவரை பார்த்திராத சினிமாப் பித்தர் இந்த லண்டன் மாநகரில் அவர் ஒருவர்தான். சனிக்கிழமை தோறும் பிற்பகலில், மோர்டனிலுள்ள என் வீட்டுக்குப் பழைய ஹொலிவூட் படமொன்றுடன் வருவார். மேடை நடனப் பெண்களின் கதைகள்தாம் வேண்டும். இறகுத் தொப்பி அணிந்த நாற்பது பெண்கள் படிக்கட்டில் இறங்கத் தொடங்கியதும், அவருக்கு நிப்பாட்டண்ணை என்ற பெயரை வாங்கிக்கொடுத்த குரல் எழும்:

“நிப்பாட்டுங்கோ மாஸ்டர்!”

திரையில் மூக்கு முட்ட நின்று, பின்வரிசையில் விரல் வைத்து முகம் முகமாகத் தேடுவார்.

“கறுப்பு வெள்ளைப் படமெண்டுதானே சொன்னியள்? வெள்ளை நிக்குது. கறுப்பு எங்கை?”

நான் வரலாற்று விரிவுரையாளனாக இருந்தவன், ஆகவே விளக்கினேன். அக்காலத்தில் கறுப்பினப் பெண்களுக்குப் பெரும்பாலும் பணிப்பெண் வேடமே வாய்த்தது. கீழைத்தேய நடனம் என்றால் வெள்ளைப் பெண்களுக்கே மண்ணிறம் பூசினார்கள்.

“ஆள் கிடைக்கேல்லை எண்டோ பூசினவங்கள்?”

“ஆக்கள் இருந்தவை, அண்ணை.”

“பிறகேன் பூசினவங்கள்?”

இதற்கு நான் அடிக்குறிப்புகளை அடுக்கினேன், அவர் அடுத்த முகத்துக்கு விரலை நகர்த்தினார்.

ஒரு படத்தில் பணிப்பெண் ஒருத்தி நாயகிக்குக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பாள். உள்ளே ஒத்திகை இசை. அவளுடைய குதிக்கால் மட்டும் தாளம் தவறாமல் எழுந்து தாழும்.

“இவள் ஆடத் தெரிஞ்சவள்! கொண்டுபோய்க் கதவடியில விட்டிருக்கிறாங்கள்!”

படத்தின் பெயர்ப் பட்டியலில் அவள் இல்லை. பேரில்லாமல் ஒருத்தி வேலைக்கு வந்திருப்பாளோ என்று குமுறியவர், தாமே பெயரிட்டுத் தம் குறிப்புக் கொப்பியில் எழுதினார்: கதவு திறந்த கனகம். பிற படங்களிலிருந்து கோட்டு வாங்கிய கோமதி, தட்டு ஏந்திய தங்கம் என்று குடும்பம் பெருகியது. ஆதாரமின்றிப் பெயரிடுவது ஆய்வாகாது என்று கண்டித்தேன்.

“நீங்கள் ஆதாரத்தைத் தேடுங்கோ மாஸ்டர். அதுவரைக்கும் பிள்ளையை என்னெண்டு கூப்பிடுறது?”

விம்பிள்டனில் மூத்தோருக்கான சலுகைக் காட்சியொன்றில், கனகத்தைப் பெரிய திரையில் கண்டதும் எழுந்து “நிப்பாட்டு!” என்று அலறினார். படம் நிற்கவில்லை, அரங்கின் மூச்சு நின்றது. நெஞ்சுவலி என்று எண்ணி முதலுதவிப் பெண் ஓடிவந்தார்.

“நெஞ்சு சுகமாயிருக்கு. அந்தப் பிள்ளையின்ர பேரைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கோ மாஸ்டர்.”

ஐயாவுக்குத் தண்ணீர் வேண்டுமாம் என்று மொழிபெயர்த்தேன்.

அவர் இந்நாட்டுக்கு வந்தது ‘தலை மாத்தின’ பாஸ்போட்டில். இன்னொருவரின் கடவுச்சீட்டில் இவருடைய படம். அந்த இன்னொருவரின் பெயரிலேயே முப்பது ஆண்டுகள் உழைத்தார். “அது பாஸ்போட்டின்ர பேர். நான் வேறை ஆள்” என்று ஒருமுறை சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வேறு ஆளின் பெயரை நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

அறிவித்தல் வெளியிடும் தம்பி தொலைபேசியில் என்னைவிடக் குழம்பினார்.

“ஹொஸ்பிற்றல் பேப்பரில இருக்கிற பேரைப் போடுவமே?”

“அது அவரில்லை.”

“அப்ப மாஸ்டர், செத்தது ஆர்?”

என் வீட்டில் அவர் விட்டுச்சென்ற கொப்பியைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். எல்லாருக்கும் பெயர் இருந்தது, எழுதியவருக்கு இல்லை. சனிக்கிழமை பிற்பகல் கனகத்தின் படத்தைப் போட்டேன். பணிப்பெண் கதவைத் திறந்தாள். யாரும் சத்தமிடவில்லை. நானே நிறுத்தினேன்.

இன்னும் செய்யாதவை:

அறிவித்தலின் முதல் வரி.
கனகத்தின் உண்மைப் பெயருக்கான ஆதாரம்.
படத்தை மீண்டும் ஓடவிடுவது. கனகம் கதவைப் பிடித்தபடியே நிற்கிறாள். அண்ணை போய்விட்டார் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.