சேவியர் அண்ணன் மரத்துக்குக் கெரங்கா காவல்

எறும்பு கடித்தால் யாரும் எறும்பு வளர்த்தவனைத் தேட மாட்டார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு பாதிரியாரும் நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்கையில் பொய்த்துப்போனது. மூன்று வருடம் ஆயிற்று. அன்றைய என்னை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஐம்பத்திரண்டு வயது. கூலிம் பாக்டரியில் எனக்குக் கீழே பதினெட்டுப் பேர். ஒரு கயிற்றை எங்கே கட்டக்கூடாது என்பது மட்டும் தெரியவில்லை.

எங்கள் தாமான் குடியிருப்பில் கடைசி வீடு சேவியர் அண்ணனுடையது. அதற்கு முந்திய வீடு எங்களுடையது. அண்ணன் பாக்டரி பஸ் ஓட்டியவர். இருபது வருடம் என்னை வேலைக்கு ஏற்றிப்போய் இறக்கிவிட்டவர். கடைசி வீடு என்பதால் அவருக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் ஒட்டுக்கட்டிய அவகாடோ கன்று ஒன்றைக் கொண்டுவந்து நட்டார். மலைப் பிரதேசத்துப் பழம், இந்தச் சூட்டில் வராது என்று தாமானில் பாதிப் பேர் சொன்னார்கள். (மீதிப் பாதிப் பேருக்கு அது என்ன மரம் என்றே தெரியாது. நான் இரண்டாவது பாதி.) அண்ணன் மேடு கட்டி, வேரில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டி, அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தார். நாலாம் வருடம் மரம் கூரைக்குமேல் போயிற்று. அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது, மூக்கில் குழாயோடு, "மணியம், மரத்த பாத்துக்க" என்றார். போகிற போக்கில் சொன்னதாகவும் இருக்கலாம். வீட்டைப் பூட்டச் சொல்வதுபோல. ஆனால் அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அதற்கப்புறம் அது எனக்குச் சாதாரண மரமாக இல்லை.

அவர் போன ஆறாம் மாதம் மரம் பூத்தது. பூவெல்லாம் உதிர்ந்து, பிஞ்செல்லாம் உதிர்ந்து, கடைசியில் இருபத்தாறு காய் நின்றது. ஆரோக்கியம் அக்கா, அதாவது அண்ணன் மனைவி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"வருஷ ஜெபத்துக்கு முத்திரும்ல தம்பி?"

"முத்திரும் அக்கா."

"பஸ் ஓட்டுன கூட்டாளிங்க எல்லாரும் வருவாங்க. ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும். அவரு கையால குடுத்த மாதிரி இருக்கும்."

அந்த நிமிடத்திலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த வாரமே ஒரு காயில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை. வெட்டிப் பார்த்தால் உள்ளே கொட்டைவரை புழு. மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள் அணில் வந்து ஒன்றைக் கடித்துப் பார்த்து, பிடிக்காமல் கீழே போட்டுவிட்டு, நம்பிக்கை இழக்காமல் இரண்டாவதைக் கடித்தது.

மருந்து அடிக்கலாம் என்றேன். அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "செத்தவருக்காக ஜெபம் பண்ணிட்டு, இருக்கிறவங்களுக்கு விஷத்த குடுக்கவா?" நியாயம்தான். காகிதப் பை கட்டினேன். மழை பெய்து கூழாயிற்று. பாக்டரிக்குப் போடும் என் காலுறைகளை ஒவ்வொரு காய்க்கும் மாட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் மரத்தில் ஒரு கால்பந்துக் குழுவே தலைகீழாகத் தொங்குவதாக நினைத்தார்கள். அணில் காலுறையையும் சேர்த்துக் கடித்தது. என் மனைவி கமலா, "பாவம், அந்த நாத்தத்துல எப்படித்தான் கடிச்சிச்சோ" என்றாள்.

பத்தொன்பது காய் மிஞ்சியிருந்தபோது நான் பாடாங் மேஹாவில் பழத்தோட்டம் வைத்திருக்கும் மலாய்க்காரப் பெரியவர் பாக் டின்னிடம் போனேன். அவர் தோட்டத்தில் மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின்மேல் செக்கச்செவேலென்று எறும்புகள், ஷிப்ட் மாறும் நேரத்துக் கூலிம் சாலைபோல இரண்டு திசையிலும் ஓடிக்கொண்டிருந்தன. கெரங்கா. நம் ஊர்க்காரர்கள் முசுறு என்பார்கள். இலையைத் தைத்துக் கூடு கட்டும். புழு, பூச்சி எதையும் மரத்தில் விடாது. அணில்கூட யோசித்துத்தான் கால் வைக்கும். மனிதனைக் கடித்தால், கடித்த இடத்தில் எரியும் திராவகத்தையும் விடும்.

என் வீட்டு மாமரத்தில் மூன்று கூடு இருப்பதைச் சொன்னேன். பாக் டின் சிரித்தார்.

"அப்பா சூசா? இக்காட் தாலி லா!"

மலாயில் தாலி என்றால் கயிறு. என்ன கஷ்டம், கயிறு கட்டு என்றார். வீட்டுக்கு வந்து கமலாவிடம் அப்படியே சொன்னேன். "ஒரு தாலிய கட்டிட்டு நீங்க கிழிச்சது போதாதா?" என்றாள்.

கட்டினேன். மாமரத்துக் கிளையிலிருந்து வேலிக்கு மேலாக, அக்கா வீட்டு முற்றத்தைக் கடந்து, அவகாடோ மரம்வரை நைலான் கயிறு. எறும்புகளுக்கு வழி தெரிய, இடையிடையே கருவாட்டுத் துண்டு. இரண்டே நாளில் போக்குவரத்து ஆரம்பித்துவிட்டது. ஒரு வாரத்தில் அவகாடோ இலையில் புதுக்கூடு. அதற்குப்பின் ஒரு காயிலும் ஓட்டை விழவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் கயிற்றடியில் நின்று பார்ப்பேன். அண்ணனுக்கு நான் செய்த மரியாதை ஆறு கால்களில் ஊர்ந்துபோவதுபோல் இருக்கும். (அன்று எனக்கு இப்படியெல்லாம் தோன்றியது. யாரிடமும் சொல்லாதது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம்.)

வருஷ ஜெபத்தன்று காலையில் கெமா போட ஆள் வந்தார்கள். இரும்புக் குழாய் நட்டு, மேலே துணிக் கூரை விரித்தார்கள். என் கயிறு சரியாகக் கழுத்து உயரத்தில் முற்றத்தின் நடுவே போனது.

அக்கா கைகூப்பாத குறையாகச் சொன்னார். "தம்பி, இன்னிக்கு ஒரு நாளைக்கு இத எடுத்துரு. ஃபாதர் வராரு. பெரிய மனுசங்க வராங்க."

"எடுத்துடுறேன் அக்கா."

எடுத்திருக்கலாம். ஜெபம் முடிந்ததும் நானே மரத்தில் ஏறிக் காய் பறிப்பதாக ஏற்பாடு. இடையில் இருந்தது சில மணி நேரம்தான். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் அணில் வந்துவிட்டால்? காவல் இல்லாத நாட்டுக்குள் புழு படையெடுத்துவிட்டால்? ஏணி வைத்து ஏறி, கயிற்றை அவிழ்த்து, கெமாவின் இரும்புக் குழாய்க்கும் துணிக்கும் இடையே நுழைத்து, மறுபக்கம் இழுத்து மரத்தில் கட்டினேன். கீழிருந்து பார்த்தால் கயிறே தெரியாது. எறும்புகள் முதலில் குழம்பின. இரண்டு துண்டு கருவாடு அதிகம் வைத்தேன். தெளிந்துவிட்டன.

"எடுத்துட்டியா தம்பி?" என்று அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"எடுத்துட்டேன் அக்கா" என்றேன். துக்க வீட்டில், அதுவும் ஏணிமேல் நின்றுகொண்டு, ஒரு பொய்.

மாலை ஐந்து மணிக்கு ஃபாதர் வந்தார். முன்னால் மேசை, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, மல்லிகை மாலையோடு அண்ணனின் படம். லைசென்ஸ் படத்தைப் பெரிதாக்கியது. கறுப்பு வெள்ளைபோல ஒரு கலர், முறைத்த பார்வை. நாற்காலிகளில் பஸ் ஓட்டுநர்கள் வரிசையாகச் சட்டை இன் பண்ணி உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுப் பாடினார்கள். ஃபாதர் பைபிளிலிருந்து வாசித்தார். அண்ணன் எத்தனை பேரை எத்தனை வருடம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று பேசினார். எனக்கே கண் கலங்கியது. கெமாவுக்குள் காற்றே இல்லை. அண்ணனின் கூட்டாளி ராஜு, ஃபாதருக்கு வியர்ப்பதைப் பார்த்து, நல்ல மனசோடு எழுந்து போய் மூலையிலிருந்த பெரிய காற்றாடியை முழு வேகத்தில் தட்டிவிட்டார்.

கெமாத் துணி படபடவென்று அடித்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் அண்ணாந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

முதலில் பாடகர் குழுவில் ஓர் அம்மா கழுத்தைத் தட்டினார். அடுத்து ராஜு தொடையைத் தட்டினார். ஃபாதர் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடும் இடத்தில் இருந்தார். குரல் ஒரு கணம் மேலே ஏறி இறங்கியது. பக்தி மிகுதி என்று சிலர் நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் நிறுத்தவில்லை. இடது கையால் அங்கியின் கழுத்தைத் தளர்த்திக்கொண்டே ஜெபத்தை முடித்தார். அந்த மனுசன் மேல் எனக்கு இருக்கும் மரியாதை அன்றைக்கு உண்டானது. "ஆமென்" என்று சொன்ன மறு விநாடி, "அம்மா!" என்று கத்திக்கொண்டு துள்ளினார்.

பிறகு நாற்பது பேரும் எழுந்தார்கள். நாற்காலிகள் சாய்ந்தன. இன் பண்ணிய சட்டைகள் வெளியே வந்தன. இருபது வருடம் பொறுமையாக பஸ் ஓட்டியவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள். "கெரங்கா! கெரங்கா!" "எங்கிருந்து லா வருது?" என்று ராஜு கேட்டார். எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் காரியத்தில் இறங்கினேன். வேலியோரம் கிடந்த ரப்பர் பைப்பை எடுத்து, குழாயை முழுக்கத் திறந்து, கெமாவின் கூரையை நோக்கிப் பீய்ச்சினேன். எறும்புகளைக் கழுவி வெளியே தள்ளிவிடலாம் என்று கணக்கு. தண்ணீர் இரும்புக் குழாயில் பட்டுத் திரும்பியது. மெழுகுவர்த்தி அணைந்தது. சாப்பாட்டு மேசையில் மூடி வைத்திருந்த மீ ஹூன் நூடுல்ஸ் மிதந்தது. கமலா "நிறுத்துங்க!" என்று கத்துவது கேட்டது. பைப்பைத் தாழ்த்தினேன். அது நேராக அண்ணன் முகத்தில் அடித்தது.

கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. கடையில் சாதாரண மையில் அச்சடித்த படம் போலிருக்கிறது. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கவே, அண்ணனின் முகம் மெல்ல மெல்லச் சட்டைக் காலருக்கு இறங்கியது.

கடித்த இடத்தைக்கூட யாரும் சொறியவில்லை. கூரையிலிருந்து கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து, கருவாட்டுத் துண்டோடு ஃபாதருக்கு முன்னால் தொங்கியது. அக்கா அந்தக் கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எடுத்துட்டேன்னு சொன்னியே தம்பி."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அண்ணன் இன்னும் குறைந்துபோனார். அக்கா அதை மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலையில் தனியாக மரத்தில் ஏறினேன். பத்தொன்பது காயையும் பறித்தேன். காய் ஒன்றுக்குக் குறைந்தது நாலு கடி. தட்டிவிடவில்லை. வாங்கிக்கொள்ள வேண்டிய கடி என்று தோன்றியது. கூடையை அக்கா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு காயிலும் புழு இல்லை. அதை யாரிடமும் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. அக்கா அவற்றை ராஜு மூலம் கூட்டாளிகளுக்கு அனுப்பிவைத்தார் என்று பிறகு தெரிந்தது. என்னிடம் பேசவில்லை. ஒரு வாரம். இரண்டு வாரம். காலையில் துணி காயப்போட வருவார், நான் வேலிப் பக்கம் நிற்பதைப் பார்த்தால் வாளியோடு திரும்பிப் போய்விடுவார்.

லைசென்ஸ் படம் எடுத்த கடை மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. மூன்றாம் வாரம் கமலாதான் நினைவுபடுத்தினாள். அண்ணன் அக்காவோடு நாலு பேரும் ஒரு தடவை லங்காவித் தீவுக்குப் போனோமே, கோலா கெடாவில் பெர்ரிப் படகுக்குக் காத்திருந்தபோது அவள் படம் எடுத்தாளே என்று. அந்தப் போன் உடைந்து அலமாரியில் கிடந்தது. கூலிமில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரப் பெண் ஒரு மணி நேரம் போராடி அதற்கு உயிர் கொடுத்தாள்.

படத்தில் அண்ணன் படகுத்துறையில் நிற்கிறார். காற்றில் முடி எழும்பி நிற்கிறது. எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறார். பக்கத்தில் நான், தொப்பையோடு, அவர் தோளில் கை போட்டு. என்னை வெட்டிவிடுங்கள் என்று ஸ்டூடியோவில் சொன்னேன். வெட்டினார்கள். ஆனால் தோளில் இருந்த கையை எடுத்தால் அண்ணன் தோளும் கூடவே போகும் என்றார்கள். கை அப்படியே இருந்தது. நாலு விரலும் ஒரு கல்யாண மோதிரமும்.

சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போய் அக்கா வீட்டு வாசலில் நின்றேன். பேச எதையும் தயார் செய்யவில்லை. "அக்கா, நான் பொய் சொன்னேன்" என்று மட்டும் சொன்னேன்.

அக்கா படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"அந்தப் பழைய படத்துல அவரு யாரையோ அடிக்கப் போற மாதிரி இருப்பாரு. எனக்குப் பிடிக்கவே இல்ல. வேற இல்லையேன்னுதான் வெச்சிருந்தேன்." பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இது யாரு கை?" என்றார்.

"என்னோடதுதான் அக்கா. வெட்ட முடியல."

அக்கா அந்தக் கையின்மேல் விரலை வைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "உள்ள வா. பசியாறிட்டியா?" என்றார்.

அந்தப் படம்தான் இப்போதும் அவர் வீட்டு ஹாலில் இருக்கிறது. வருஷா வருஷம் ஜெபத்தன்று அக்கா அதற்கு மல்லிகை மாலை போடுகிறார். மாலை அண்ணனின் இரண்டு தோளையும் சுற்றி விழும்போது என் கையையும் மூடிவிடுகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அது யார் கை என்று கேட்கிறார்கள். கமலா அதற்காகவே காத்திருப்பாள்.

"எங்க வீட்டுக்காரரோடதுதான். ஆளு இன்னும் இருக்காரு. கைக்கு மட்டும் முன்னாடியே மாலை போட்டாச்சு."