தாங்கள் அன்பளித்த கணினி குறித்து

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம், தாங்கள் அன்பளித்த கணினி நீங்கலாக. அங்கு தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அதில் எனக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. அத்தான் ஏன் திடீரென்று 'தாங்கள்' போடுகிறார் என்று திகைக்க வேண்டாம். கோபம் ஏற ஏற எனக்கு மரியாதையும் ஏறும். கையால் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அந்த இயந்திரத்தில் தட்டினால் நான் முற்றுப்புள்ளி வைப்பதற்குள் தாங்கள் படித்து முடித்திருப்பீர்கள்.

எங்கள் கல்லூரியில் புவியியல் துறைத்தலைவர் பதவி காலியாகிறது. ஏற்கெனவே இரண்டு முறை என்னைத் தாண்டிப் போன நாற்காலி அது. இம்முறை எனக்குப் போட்டி, எந்த விழாவானாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாததால் 'வாழ்த்துரை' என்று பட்டப்பெயர் வாங்கிய ஆசாமி. விண்ணப்பத்தைக் கணினி வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும்; வெள்ளிக்கிழமை மாலை கடைசி. தவறவிட்டால், ஓய்வுபெறும் வரை தினமும் காலையில் அந்த மனிதருக்கு நான் வணக்கம் வைத்தாக வேண்டும்.

இப்போது தாங்களே யோசியுங்கள். இத்தனை வருடங்களில் எனக்கு ஒரு பேனாகூட வாங்கித் தராத தாங்கள், சரியாக இந்த நேரம் பார்த்துக் கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். அடுத்த வாரமே வாழ்த்துரையுடன் ஒரே மேசையில் காபி குடிக்கிறீர்கள். பேருந்து ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். கேட்டால், "அவர் வீட்டு கம்ப்யூட்டரும் நான்தான் பார்க்கறேன் அத்தான், அது என் பொழைப்பு" என்கிறீர்கள். பிழைப்பு சரி, அந்தச் சிரிப்பு எதற்கு?

ஆகவே நான் முன்னெச்சரிக்கையாக இருந்தேன். கேமராக் கண்ணில் பிளாஸ்திரி ஒட்டினேன். வைரஸ் தடுக்கும் காவல் மென்பொருள் ஒன்றைப் போட்டேன். காவல்காரனை யார் கண்காணிப்பது? இரண்டாவதைப் போட்டேன். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால்? மூன்றாவதையும் போட்டேன். பக்கவாட்டிலும் பின்புறத்திலும் வரிசையாகப் பொடிப் பொடித் துளைகள், ஒட்டுக்கேட்பதற்கென்றே குத்திவைத்ததுபோல. பார்சல் ஒட்டும் அகலமான டேப்பை எடுத்து ஒன்று விடாமல் அடைத்தேன். அன்றிலிருந்துதான் இயந்திரம் மந்தமாகத் தொடங்கியது. நான் காவலைக் கூட்டக் கூட்ட அது சோர்ந்தது. அதாவது, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு என் காவல் பிடிக்கவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து, தலை துவட்டி, செய்தித்தாளில் தலையங்கம் வரை வந்தாலும் திரை கறுப்பாகவே இருந்தது. என் பெயரைத் தட்டினேன். முதலெழுத்து வருவதற்குள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டேன். படிப்பு, அனுபவம் எல்லாம் நிரப்பி முடிக்கிற நேரத்தில் 'அவகாசம் முடிந்தது, மீண்டும் தொடங்கவும்' என்றது. மாடி வீட்டு வங்கிக்காரர் எட்டிப் பார்த்து, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்றார். செய்தேன். அது என்னவோ தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறதாம், நடுவில் அணைக்கக் கூடாதாம். என் வீட்டில், என் மின்சாரத்தில், என்னைக் கேட்காமல் என்ன புதுப்பிப்பு? பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அதன் பிறகு இரண்டு நாள் அது கண்ணே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அது ஒருவழியாக விழித்து முனகிக்கொண்டிருந்தபோது தங்கள் அக்காள் வந்து நின்றாள். "என் தம்பிக்கு ஒரு போன் போட்டா வந்து பார்த்துட்டுப் போறான்."

"அவன் வெச்ச ஆப்பை அவனே எடுப்பானா?"

"உங்க விண்ணப்பத்தைத் திருட்டுத்தனமா படிக்கறதுக்கு அதுல என்ன இருக்கு? புதையலுக்கு வழியா எழுதியிருக்கீங்க?"

"உனக்குத் தெரியாது. உன் தம்பி சிரிச்சான்."

"இந்த வீட்டுல சிரிக்கத் தடை. வெளியில காபி குடிக்கும்போதுமா?" என்றவள் கணினியின் மேல் கை வைத்து, "அம்மாடி! இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது. மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓடுன்னா எதுங்க ஓடும்?" என்று டேப்பையெல்லாம் பரபரவென்று உரித்துப் போட்டாள். பிறகு காவல் மென்பொருள்களில் இரண்டை நீக்கினாள். "மூணு வாட்ச்மேனும் ஒருத்தன் பையை ஒருத்தன் சோதிச்சிட்டு நின்னா, கேட்டை யாரு திறக்கறது?"

இயந்திரம் உடனே ஓடியது. நான் விசாரணையைத் தொடங்கினேன். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து தம்பிகிட்ட போன்ல கேட்டேன். பார்க்காமலே சொல்லிட்டான்."

கவனித்தீர்களா? பார்க்காமலே! பார்க்காமல் ஒருவருக்கு எப்படித் தெரியும்? என் ஐயம் இத்துடன் உறுதியாகிவிட்டது. எனவே தாங்கள் இனி என் வீட்டு வாசற்படியை மிதிக்க வேண்டாம். கணினியையும் உடனே வந்து எடுத்துச் செல்லவும். படியை மிதிக்காமல் எப்படி எடுப்பது என்பது தங்கள் பாடு.

தங்கள் தொழில் பெருகட்டும், வேறு யார் வீட்டிலாவது. குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை, இதுவரை.

இப்படிக்கு,
தங்கள் அக்காளின் கணவன்

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் திறந்தது. என் குணநலனுக்கு உறுதி சொல்லக்கூடிய, கல்லூரியைச் சாராத, நெடுநாள் பழகிய ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டுமாம். வீட்டுக்காரரோடு வழக்கு நடக்கிறது. பல் மருத்துவரோடு பேச்சு இல்லை. வங்கிக்காரரின் யோசனைக்குப் பிறகு அவரையும் நம்புவதற்கில்லை. முகவரிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினேன். பிறகு உன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். நொடியில் போய்விட்டது. மேலே எழுதியதை மறந்துவிடு. "பின்ன எதுக்கு அதைத் தபால்ல போடறீங்க?" என்கிறாள் உன் அக்காள். எழுதியதை அனுப்பாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. அவர்கள் கூப்பிட்டால் சந்தேகப் பிராணி என்று மட்டும் சொல்லிவிடாதே, கவனமானவர் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வீட்டுக்கு வா. நீ என்ன சொன்னாய் என்பதை நேரில் விசாரிக்க வேண்டும்.