டொய்ங் மாமாவின் வாள்

எங்கள் மலையூரான ஹாலிஎலவில் ரயில் சத்தம் கேட்டு உலை வைப்பவர்கள் உண்டு. ரயில் சத்தத்துக்கு மரம் அறுக்கும் வாளைச் சுருதி கூட்டியவர் இந்த உலகத்திலேயே எங்கள் பக்கத்து வீட்டு டொய்ங் மாமா ஒருவர்தான். இத்தனைக்கும் காலமெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு, ஓய்வில் ஊருக்கு மரவேலை செய்பவர்.

வாளை அவரே செய்தார், தன் தகரக் கொட்டிலில். பிடுங்கிப் போட்ட தேயிலை அடிக்கட்டையில் இரண்டு கைகள், நடுவில் குறுக்குக்கட்டை, கீழே அலகு, மேலே நூல்கயிறு. கயிற்றில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் அலகு விறைக்கும். விறைத்தது போதுமா என்று மற்றவர்கள் கையால் பார்ப்பார்கள். மாமா அலகைச் சுண்டுவார். டொய்ங்! காலை ரயிலின் ஊதலோடு அது சேரும்வரை மரத்தைத் தொடமாட்டார்.

"மாமா, அலமாரிக் கதவு என்னாச்சு?" என்று ஊர்ப் பெண்கள் கேட்பார்கள்.

"ரயிலே இன்னும் வரலையே புள்ள!"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டெக்னிக்கல் காலேஜில் மரவேலை படித்தவள் நான். நானும் ஒரு வாள் செய்தேன். தளபாடம் செய்யும் சப்பு மரம், மூலைமட்டம் வைத்துப் பார்த்த பொருத்துகள், பனிக்கு அசையாத நைலான் கயிறு. அவருடையது கால் ஒடிந்த கட்டில் மாதிரி இருக்கும்.

"நைலானா? அது உடுப்புக் காயப்போடுற கயிறு புள்ள" என்றார் மாமா.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். கோழிக்கூட்டுக்குச் சட்டம் அறுக்க வந்த அப்பா, என் வாளைத் தாண்டிப் போய் வேலிக்கு மேலால் கையை நீட்டினார். "மச்சான், அந்த வாளக் கொஞ்சம் தாங்க."

"அப்பா, இங்கயே ஒண்ணு இருக்கே!"

"அது அழகா இருக்கும்மா. அழுக்காயிரும்."

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. என் வாளை அப்பா ஒரு தடவையாவது கையில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. மறுநாள் காலை, யாருக்கும் தெரியாமல், நானும் என் வாளை ரயிலுக்கே முறுக்கி வைத்தேன்.

பிறகு அடைமழை. தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நின்றது. மாமாவின் நூல்கயிறு பனியில் இறுகியது, வெயிலில் தளர்ந்தது. சுண்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். ஊர் வேலையெல்லாம் அப்படியே கிடந்தது.

"பஸ் ஹாரன வச்சுக்குங்களேன்" என்றார் அப்பா.

"பஸ்ஸா? பஸ்ஸப் பத்தி எனக்குத் தெரியாதா மச்சான்!"

ஒருநாள் எங்கள் கொட்டிலைக் கூட்டும்போது என் வாளைச் சும்மா சுண்டினேன். வேலிக்கு அப்பால் மாமாவின் இருமல் நின்றது.

"புள்ள, இன்னொருக்கா!"

டொய்ங்.

"அதான்! அதான் நம்ம ரயிலு!" ஓடிப்போய்த் தன் வாளை எடுத்துவந்து என்னுடையதோடு ஒப்பிட்டு முறுக்கினார். பிறகு, சத்தம் கேட்டு வந்த அப்பாவைப் பார்த்தார். "மச்சான், வீட்டுலயே இப்பிடி ஒரு வாள வச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

கோழிக்கூட்டின் மிச்சச் சட்டங்களை அப்பா என் வாளால்தான் அறுத்தார். அழுக்காகிவிட்டது. நான் துடைக்கவில்லை.

ரயில் மறுபடி ஓடத் தொடங்கி மாதங்களாகின்றன. மாமா இன்னும் தினமும் தன் வாளோடு எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார். "ரயிலு இப்ப சுருதி தப்பி ஊதுது புள்ள. ஒன் வாள்தான் சரி."

நாள்பட நைலானும் இளகும். அது மாமாவுக்குத் தெரியாது. அதனால் காலை ரயில் ஊதியதும் எழுந்துபோய், அவர் வருவதற்குள், அந்த ஊதலுக்கே கயிற்றைக் கொஞ்சம் முறுக்கி வைத்துவிடுகிறேன்.