அழுகிய சோளத்துக்குக் காவல்

குண்டடம்,
வெள்ளிக்கிழமை.

வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் மாப்பிள்ளை மோகன்ராஜ் அவர்களுக்கு மாமன் நல்லான் எழுதிக்கொள்வது. நீங்களும் அன்புசெல்வியும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உங்கள் அத்தை மயிலாளும் சுகம். மக்காச்சோளம் மட்டும் சுகமில்லை. கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் வகுப்பில் இப்போதுதானே சேர்ந்தேன். 'ழ' எழுதும்போது கையோடு நாக்கும் சேர்ந்து வளைகிறது.

மழையில் கதிரெல்லாம் சோளத்தட்டில் நின்றபடியே முளைத்துப் போனதைப் போனில் சொன்னேன். "நிவாரணம் வரோணும்னா ஆபீசர் வந்து பாக்கற வரைக்கும் காட்டைத் தொட்றாதீங்க மாமா" என்றீர்கள். உங்கள் அத்தையோ, "ஏனுங்க, ஈரம் காயறதுக்குள்ள உழுது கொண்டைக்கடலை போட்டாத்தான் இந்த வருசம் நமக்குக் கஞ்சி. நிவாரணம் வந்தா வருது, வராட்டிப் போவுது" என்றாள். நான் மசியவில்லை. ரோட்டோர வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு இருபது நாளாகப் பகல் முழுக்க அழுகிய சோளத்துக்குக் காவல் இருந்தேன், மயிலை விரட்டினேன், பக்கத்துக் காட்டுப் பெருமாள்சாமியின் ஆட்டை விரட்டினேன், "ஏனுங்கண்ணா, வெளைஞ்சு நின்னப்ப ஒரு நா காவலுக்கு வரல, அழுகினதுக்குக் குடை புடிச்சு நிக்கறீங்களே" என்று அவர் கேட்க, "அப்ப அது வெறும் சோளம், இப்ப அத்தாட்சிங்க" என்று அவரையும் விரட்டினேன். சாயங்காலம் மட்டும் வகுப்புக்குப் போவேன். "நீங்க போய்ப் படிங்க, காட்டை நான் பாத்துக்கறன்" என்று உங்கள் அத்தையே சிலேட்டைக் கையில் கொடுத்து அனுப்புவாள். அவ்வளவு அக்கறை.

நேற்று அனுசுயா என்கிற ஆபீசரம்மா வந்து, ரோட்டோரமாகவே நின்று பார்த்தார். பேர் எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொண்டு விவசாயி பயிரோடு நிற்கிற மாதிரி படம் அனுப்ப வேண்டுமாம். "குடுங்க கண்ணு, எம் பேரை நானே எழுதறன்" என்று சாக்பீஸை வாங்கி எழுதினேன். ஒரு ஆபீசர் பார்க்க என் பேரை நான் எழுதியது இதுதான் முதல் தடவை. சிலேட்டை நெஞ்சோடு பிடித்ததும் வாய் தானாக விரிந்துவிட்டது.

"ஐயா, சிரிக்காதீங்க. பயிர் போன காட்டுல நிக்கறீங்க."

"சரிங்க."

"இப்பவும் சிரிக்கறீங்க."

"இல்லீங்க கண்ணு, மூஞ்சியே இப்படித்தானுங்க."

"இதைப் பாத்தா உங்க ஊட்ல கல்யாணம்னு நெனப்பாங்க. ஏதாச்சும் துக்கமா நெனச்சுக்கோங்க."

செத்துப்போன எங்கள் காரிக் காளையை நினைத்தேன். 'காரி' என்றும் எனக்கு எழுத வருமே என்று தோன்றியது. மறுபடி சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துவிட்டார். படம் போய்விட்டது.

ஆகையால் கவலை வேண்டாம். நீங்கள் சொன்னபடி காட்டை ஒருவரும் தொடவில்லை. உங்கள் கைக்கும் கத்திரிக்கும் ஒரு குறையும் வராமல் மாகாளியம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
நல்லான்
(நானே எழுதியது)

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது தலையாரி வந்தார். படத்தில் விவசாயி சந்தோஷமாக இருப்பதால் மேலே ஏற்கவில்லையாம். திங்கட்கிழமை ஆட்கள் வந்து காடு முழுக்க நடந்து பார்த்து, மறுபடி படம் எடுப்பார்களாம். சரி, வழி பார்த்து வைக்கலாம் என்று காட்டுக்குள் போனேன். ரோட்டோரம் பத்து வரிசைச் சோளம்தான் நிற்கிறது. அதற்குப் பின்னால் கடைசி வரைக்கும் கொண்டைக்கடலை முளைத்திருக்கிறது. நான் வகுப்பில் இருந்த நேரமாகப் பார்த்து, பெருமாள்சாமியின் டிராக்டரை விட்டு உழுது விதைத்திருக்கிறாள் உங்கள் அத்தை. கேட்டால், "பயிர் நல்லாருக்குதுங்களா இல்லீங்களா, அதைச் சொல்லுங்க" என்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது மாப்பிள்ளை. அதுதான் கஷ்டம். திங்கட்கிழமை இந்தப் பச்சைக்கு நடுவில் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நான் சிரிக்காமல் நிற்க வேண்டும். எப்படி நின்றேன் என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.