விசிலக்கா குலுக்கிய கிளிஞ்சல்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் ஒரு காலத்தில் விசிலக்காவிடம் திட்டு வாங்காமல் ஒரு பிள்ளையும் பிறந்தது கிடையாது. தாய் வாங்குவாள், தகப்பன் வாங்குவான், மாமியார் தனியாக வாங்குவாள். வயிற்றுக்குள் இருப்பதற்கும் ஒரு பங்கு உண்டு. "இன்னா, உள்ள குந்திகினு ஆட்டம் போடற? வெளிய வா, ஒன்ன வெச்சிக்கறேன்!" என்று என் வயிற்றைப் பார்த்தே அவள் கத்தியிருக்கிறாள்.

அவளுடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பால்வாடி ஆயா வேலை. மாற்றலாகிப் போன ஒரு விளையாட்டு வாத்தியாரின் விசில் எப்படியோ அவள் கழுத்துக்கு வந்து சேர்ந்தது. அன்று முதல் ஊரில் யாருக்கும் நிம்மதி இல்லை. சின்னதாக ஊதினால் சத்துமாவு உருண்டை தயார். நீளமாக ஊதினால் நர்சம்மா வருகிறார். விட்டு விட்டு ஊதினால், மாசமாக இருக்கிற பெண் எவளோ தண்ணீர்க் குடம் தூக்குகிறாள் என்று பொருள். அவள் புருஷன் எங்கிருந்தாலும் ஓடி வந்து குடத்தை வாங்கிக்கொள்வது அவன் மானத்துக்கு நல்லது.

சத்துமாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் கொழுந்தன் பங்கு, நாத்தனார் பங்கு போக, பிள்ளைத்தாச்சிக்கு வெறும் டப்பாதான் மிஞ்சும் என்பது அவள் கட்சி. அதனால் எதிரே உட்கார வைத்து, விழுங்கி முடிக்கிறவரை தொண்டையையே முறைத்துக்கொண்டிருப்பாள். இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறதென்று பெண்கள் அதை நைசாக ஏரியில் வீசுவார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். "ஏரில கீற கெளுத்திக்கெல்லாம் ரத்தம் ஊறிப்போச்சி. ஒனக்கு மட்டும் ஊறலையே, இன்னாமே?"

ஒருநாள் பால்வாடித் தராசு கெட்டுப்போனது. விசிலக்கா அசரவில்லை. இறால் கொள்முதலுக்கு வந்திருந்த ஏஜெண்டின் தராசில் கொண்டுபோய்க் குழந்தையை வைத்தாள்.

"யக்கா, அது எறா எட போடற தட்டு யக்கா!" என்று ஏஜெண்ட் பதறினான்.

"எறாவ வுட கொறச்சலா எம் புள்ள? முள்ள பாத்து சொல்லுடா!"

குழந்தை தட்டை நன்றாக நனைத்துவிட்டுத்தான் இறங்கியது. அதற்கப்புறம் இறால் விற்றவர்களுக்கு எடை கொஞ்சம் கூடவே வந்ததாகக் கேள்வி.

அப்போது பாலம் வரவில்லை. எங்கள் குப்பம் ஏரிக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி இந்தப் பக்கம். வெள்ளிக்கிழமை செக்கப்புக்கு எங்களையெல்லாம் படகில் ஏற்றி வருவாள். எங்கள் முறை வரும்வரை டச்சுக் கல்லறைச் சுவரோரம் நிழலில் உட்கார வைப்பாள். அதன் வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். கூட வந்த ஒரு மாமியார் கொதித்துப் போனாள்.

"புள்ளத்தாச்சிய இட்டாந்து எலும்புக்கூடு எதிர்ல குந்த வெக்கறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

விசிலக்கா எலும்புக்கூட்டை ஒரு பார்வை பார்த்தாள். "இவனும் மாத்திர சாப்புடாதவந்தான். நல்லா பாத்துக்கோங்கமே!" என்றாள்.

அன்று எல்லோரும் மறுபேச்சில்லாமல் மாத்திரை விழுங்கினோம். கடல் கடந்து வந்து கோட்டை கட்டி, துணி ஏற்றுமதி செய்து, கடைசியில் இங்கேயே செத்துப்போன டச்சுக்காரர்கள் நம் பெண்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி என் கதை. நான் காட்டூர்க்காரி. நெல் விளைகிற வீட்டில் பிறந்துவிட்டு மீன் பிடிக்கிற வீட்டுப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன். என் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அவர் ஊரில் பாட்டை நிறுத்தினார்கள்.

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை போட்டால் மண்டைதான் உடையும். அதனால் அம்மன் கோயிலில் சீட்டுக் குலுக்கி, இன்னார் இன்றைக்கு, இன்னார் நாளைக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். தன் பாட்டை விட்டவன் அந்த வருஷம் முழுக்க வலை போட முடியாது. பாடே இல்லாதவன் ஊரிலேயே இல்லாதவன். என் கணவர் காசிமேட்டுக்குப் போய் லாஞ்சில் கூலிக்கு ஏறினார். நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு குப்பத்தில் தனியாகக் கிடந்தேன். தலைப்பிரசவத்துக்குப் போக எனக்குத் தாய்வீடும் இல்லை.

விசிலக்கா என்னையும் இழுத்துக்கொண்டு நேரே ஊர்க்கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள். ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். மீசையும் குரலும் அதற்கேற்ற சைஸில் இருக்கும்.

"மாமா, எறாவுக்குப் பாடு வெச்சிகீறீங்க. புள்ளத்தாச்சிக்கும் ஒரு பாடு வெய்ங்க. எவளுக்கு வலி எடுத்தாலும் அன்னிக்கி யாரு பாடோ, அந்த வூட்டுப் படகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவணும். கஞ்சி வெச்சிக் குடுக்கறதும் அந்த வூடுதான்."

கூட்டம் சிரித்தது. "ஊர்ல சேராத வூட்டுக்குமா?" என்று நாட்டார் என் பக்கம் கையைக் காட்டினார்.

"வயித்துல கீறதுக்கு இன்னா ஊர் தெரியும்? அது இன்னும் எந்த ஊரும் பாக்கலையே!"

அவளைத் துரத்தினால் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. "சரி சரி, குலுக்கிக்கோ. நீயாச்சி, ஒன் வெளையாட்டாச்சி" என்றார்.

அங்கேதான் அவர் சறுக்கினார். விசிலக்கா அந்தக் கணமே மடியிலிருந்து கிளிஞ்சல்களைக் கொட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுப் படகின் அடையாளம் கரியால் போட்டிருந்தது. அம்மன் முன்னால் வைத்துக் குலுக்கி, முதல் கிளிஞ்சலை நாட்டார் கையாலேயே எடுக்க வைத்தாள். அவரும் பேரப்பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிற மாதிரி எடுத்துக் கொடுத்தார். அம்மன் முன்னால் குலுக்கிய சீட்டில் விளையாட்டு ஏது என்பதை அந்தச் சிரிப்பில் எல்லோருமே மறந்துவிட்டார்கள். கிளிஞ்சல்கள் வரிசையாக நைலான் நரம்பில் கோக்கப்பட்டு, பால்வாடி வாசல் ஆணியில் தொங்கின. தினமும் ஒன்றைத் தள்ளிவிடுவாள்.

ஆடி மாதம், அம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் காலையில் எனக்குத் தலை வெடித்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. "உனக்கு பிரஷர் இருக்கு. தலைவலி வந்தாலே கிளம்பிடணும், வலிக்குக் காத்திருக்காதே" என்று நர்சம்மா முன்பே எச்சரித்திருந்தார். விசிலக்கா வந்து என் காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது விழுந்தபடியே இருந்தது. அவள் முகத்தில் முதல் தடவையாகத் திட்டு இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன்.

காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கிறவரை ஒரு படகும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஊரே கோயிலில் இருந்தது. என்னைக் கைத்தாங்கலாக அங்கேயே கூட்டிப்போனாள். ஊதிய ஊதலில் மேளம் நின்றது.

"மாமா, இன்னிக்கி ஒன் பாடு. படக எறக்கு."

"காப்புக் கட்டிகீதுமே! புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? ரெண்டு நாளு போவட்டும்."

"புள்ள இன்னா ஒன் வாய்தா கேட்டுகினா வருது? இவ உசுரு போய்டும் மாமா."

"அம்மனுக்குக் குத்தம்."

"காப்பும் அவளுக்குத்தான் கட்டின. கிளிஞ்சலும் அவ முன்னாலதான் எடுத்த. எது பெருசுன்னு நீயே உள்ள போய்க் கேளு." கழுத்து விசிலை முறுக்கிக்கொண்டே சேர்த்தாள். "இல்லியா, வுட்டுடு. பாட்ட வுட்டவன் வருசம் பூரா வலை போடக்கூடாது. நானா சொல்றேன்? ஒங்க நைனா போட்ட சட்டம்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நாட்டாருக்கு அந்த வருஷம் விழுந்திருந்தது இறால் கொழிக்கிற முறை. அது காலியாகும் என்றதும் சிலருக்குத் திடீரென்று நியாய உணர்வு பிறந்துவிட்டது. "தலைவரே, பாடுன்னா பாடுதானே?" என்று ஒருவர் மிகவும் பணிவாகக் கேட்டார்.

நாட்டார் அம்மனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

கையில் மஞ்சள் காப்போடு அவரே கழி ஊன்றினார். ஒவ்வொரு ஊன்றுக்கும் "தாயே, மன்னிச்சிடு" என்பார். "வேண்டிக்கினே வேகமாத் தள்ளு" என்பாள் விசிலக்கா. காற்று எதிர்க்காற்று. நான் படகின் அடியில் அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தேன். செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன். அவள் என் கையை விடவே இல்லை, திட்டுவதையும் விடவில்லை.

மத்தியானம் பெண் பிறந்தது. இன்னும் தாமதித்திருந்தால் ஜன்னி கண்டிருக்கும் என்றார் டாக்டர். வாசலில் கழியோடு காத்திருந்த நாட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். என்னை ஊரை விட்டுத் தள்ளிவைத்த அதே மனிதர், எங்கிருந்தோ சர்க்கரைத் தண்ணீர் வாங்கி வந்து, "நானே சேனை தொட்டு வெக்கறேன்" என்று பிள்ளையின் நாக்கில் தடவ விரலை நீட்டினார். ஆஸ்பத்திரியே அதிரும்படி விசில் பறந்தது.

"தாய்ப்பால தவிர ஒரு சொட்டு உள்ள போவக்கூடாது! மொதப் பாலு சீம்பாலு, அதுதான் சேனை. கைய எடு மாமா!"

நாட்டார் அந்தச் சர்க்கரைத் தண்ணீரைத் தானே குடித்தார். அம்மனுக்குக் குற்றம் ஆயிற்றா என்று கேட்பீர்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அம்மாதானே.

பிள்ளையோடு குப்பம் திரும்பிய அன்று பால்வாடி வாசலைப் பார்த்தேன். வரிசையில் புதிதாக ஒரு கிளிஞ்சல். நெற்கதிர் போல ஏதோ கிறுக்கியிருந்தது.

"இது யாரு வூட்டு அடையாளங்க்கா?"

"ஒன் வூடுதான். ஒடம்பு தேறினதும் ஒனக்கும் பாடு வரும். நாட்டார் மருமக மாசமா கீறா, நீதான் கஞ்சி வெக்கணும்."

"எங்களுக்குப் படகே இல்லையே அக்கா?"

"கஞ்சிய இன்னா படகுலயா காச்சுவாங்க? போமே!"

அப்புறம் என் கணவருக்கு ஏரியில் பாடு திரும்பக் கிடைத்தது, பல ஊர்களில் வீடு மாறினோம், அதெல்லாம் வேறு. காட்டூரில் எனக்குக் கதவு சாத்தியே கிடந்தது. ஆனால் யாராவது என் சொந்த ஊர் எது என்று கேட்டால், இன்றைக்கும் எனக்கு அந்தப் பால்வாடி வாசல் ஆணிதான் நினைவுக்கு வருகிறது.