சங்ககிரியில் சாக்கர் கிடையாது

"அகில மாவட்ட சாக்கர் போட்டி" என்று பேனரில் இருந்தது.

பூபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். எழுத்து மாறவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஊரே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், அந்த வார்த்தை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. 

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை அவருக்குப் பிழைப்பு. உயிர் கால்பந்து. இளவட்டத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவர், இப்போது சங்ககிரி கால்பந்துக் கழகத்தின் செயலாளர். டிவியில் வர்ணனை செய்பவன் "சாக்கர்" என்றால் சத்தத்தை அணைத்துவிட்டு மிச்ச ஆட்டத்தை ஊமைப் படமாகப் பார்க்கிற ஆள். காலால் பந்தை உதைக்கிறோம், ஃபுட்பால் என்கிறோம். இதில் சாக்கர் எங்கிருந்து வந்தது என்பது அவருடைய நெடுநாள் கோபம்.

பேனர் அடித்த அன்பு, தன்மேல் ஒரு தப்பும் இல்லை என்றான். ஆஸ்திரேலியாவிலிருந்து ஜீவா அனுப்பிய வாசகத்தை அப்படியே அடித்திருக்கிறான். ஜீவா, பூபதியின் அக்கா மகன். சிட்னியில் வேலை. இந்தப் போட்டிக்குப் பேனர், கோப்பை, பந்துகள் எல்லாமே அவன் உபயம்.

பேனரை இறக்கச் சொல்லிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினால் வாசலில் இரண்டு பெரியவர்கள் காத்திருந்தார்கள். பேனரைப் படித்துவிட்டு விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தவர்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார்கள்.

"சர்க்கரைக்கு ரத்தம் எங்கீங்க எடுக்கறாங்க?" என்று கேட்டார் ஒருவர்.

அவர்களுக்கு இட்லி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் பூபதி சிட்னிக்குப் போன் போட்டார்.

ஜீவா பொறுமையாக விளக்கப் பார்த்தான். அங்கே எல்லாரும் சாக்கர் என்றுதான் சொல்வார்கள், ஃபுட்பால் என்றால் அந்த ஊரில் வேறு ஆட்டம் என்றான். பாதி வாக்கியத்தைத் தாண்ட பூபதி அவனை விடவில்லை. வெள்ளைக்காரனுக்குப் பேர் வைக்கத் தெரியவில்லை என்றால் அதற்காக சங்ககிரி தலைகுனிய முடியாது என்றார்.

"இனிமே உன் வாயில அந்தச் சாக்கர் வரப்படாது. எழுதினாலும் ஃபுட்பால், பேசினாலும் ஃபுட்பால். தாய்மாமன் சொல்றேன்."

"செரிங்க மாமா," என்றான் ஜீவா. தாய்மாமன் என்று சொன்ன பிறகு அவன் வேறென்ன சொல்வான்?

பூபதி இவ்வளவு பதறியதற்குக் காரணம் இருந்தது. கழகம் ஆடுகிற மைதானம் ரங்கனுடைய நிலம். ரங்கனுக்கு லாரிகள் பெருகிப் பெருகி நிறுத்த இடமில்லாமல் போய்விட்டது. மைதானத்தில் கப்பிக்கல் கொட்டி லாரி நிறுத்தப்போகிறேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். பூபதி மன்றாடிப் பார்த்தார். ரங்கன் நியாயமான மனிதர்தான், ஆனால் வியாபாரி.

"பத்துப் பேரு பாக்கற ஆட்டத்துக்கு இத்தாப் பெரிய எடம் எதுக்கு மாப்ள? ஒரு போட்டி வெச்சுக் காட்டு. கூட்டம் வந்தா கிரவுண்டு உன்னுது. வல்லீன்னா என்ற லாரிக்கு," என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் இந்தப் போட்டி. அதற்குப் போய் சாக்கர் என்று பேர் வைத்தால் எவன் வருவான்?

அன்பு வேலையில் சுறுசுறுப்பு. "சாக்கர்" மேல் "ஃபுட்பால்" என்று ஸ்டிக்கர் ஒட்டி, அன்று மாலையே பேனரை மறுபடி ஏற்றிவிட்டான். பூபதி எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார். நெஞ்சு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி சிட்னியிலிருந்து பார்சல் வரும்வரை இருந்தது.

பெரிய பெட்டி. ஊருக்குத் தெரியட்டும் என்று பூபதி அதைப் பேனருக்குக் கீழேயே வைத்துப் பிரித்தார். கழகத்துப் பையன்கள் சுற்றி நின்றார்கள். பட்டறையில் வெல்டிங் வேலை செய்யும் ஜோதி போனில் படமெடுக்கத் தயாராக நின்றான். பூபதி கையை விட்டு முதல் பந்தை எடுத்தார். அது இரண்டு பக்கமும் கூராக, வாத்து முட்டையை ஊதிப் பெரிதாக்கியதுபோல் இருந்தது. அமுங்கிப்போயிருக்கும் என்று தட்டிப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அதுவும் முட்டை. பெட்டி முழுக்க முட்டை.

ஜீவாவின் மேல் தப்பு சொல்ல முடியாது. பந்து வாங்குகிற பொறுப்பை அவன் தன் ஆபீஸ் விளையாட்டுக் குழுவில் ஒருத்தரிடம் விட்டிருந்தான். முதலில் சாக்கர் பந்து என்றுதான் எழுதியிருக்கிறான். மாமா போட்ட சத்தத்தில் அதை அடித்துவிட்டு ஃபுட்பால் என்று திருத்தி அனுப்பினான். அவர்கள் ஊர் ஃபுட்பால், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ரக்பி ஆட்டம். கேட்டதைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

"கையில தூக்கிட்டு ஓடற ஆட்டத்துக்கு எப்பிடிடா ஃபுட்பால்னு பேரு வெப்பீங்க?" என்று பூபதி போனில் கேட்டார்.

"நான் வெக்கலீங்க மாமா," என்றான் ஜீவா.

இதற்குள் ஜோதி எடுத்த படம் பரவிவிட்டது. மேலே "ஃபுட்பால் போட்டி" என்று பேனர், கீழே கையில் முட்டையோடு பூபதி. மறுநாள் காலையில் அம்மாபேட்டை அணியின் கேப்டன் கூப்பிட்டு, தன் பசங்களுக்கு இந்த ஆட்டம் பழக்கமில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். அடுத்து எடப்பாடிக்காரர்கள், கை கால் முறிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள்.

பூபதி அன்புவின் கடைக்கு ஓடினார். இனி இங்கிலீஷே வேண்டாம், தமிழிலேயே போட்டுவிடு, எந்தக் குழப்பமும் வராது என்றார். சும்மா கால்பந்து என்று போட்டாலும் படத்தைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்களே என்று அன்பு யோசனை சொல்ல, புதுப் பேனர் இப்படித் தயாரானது: "கையால் தொடாத அசல் கால்பந்துப் போட்டி."

அன்று சாயங்காலத்திலிருந்து கோல்கீப்பர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். கையால் தொடக்கூடாது என்றால் நாங்கள் தலையாலா பந்தைப் பிடிப்பது என்று ஓமலூர்க்காரர் கேட்டார். திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர், இது ஏதோ புது விதி என்று நம்பி, கோல்கீப்பரே இல்லாமல் வரலாமா என்று விசாரித்தார். கழகத்தின் சொந்தக் கோல்கீப்பர் சின்னான் மட்டும் போன் செய்யவில்லை. நேரில் வந்து கையுறைகளைப் பட்டறை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வீட்டில் பூபதி சோற்றைப் பிசைந்துகொண்டே உலகத்தைத் திட்டினார். காலால் ஆடுவதுதான் கால்பந்து, இது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும், இதற்கு ஏன் இத்தனை நாடு இத்தனை பேர் என்றார். மனைவி சாரதாமணி ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நீங்க எந்தக் காலத்துலீங்க காலால ஆடுனீங்க? கோல்கீப்பராத்தான நின்னீங்க?"

பூபதி ரசத்தோடு எழுந்துவிட்டார்.

போட்டிக்கு முந்தின நாள் மைதானத்தைப் பார்வையிட நடுவர் கோகிலவாணி வந்தாள். தம்மம்பட்டிக்காரி, கல்லூரியில் வரலாறு நடத்துபவள், விசில் ஊதினால் வீரர்கள் சிலையாக நிற்பார்கள். பூபதி இவளைத்தான் நம்பியிருந்தார். நாளைக்கு மைக்கில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், சாக்கர் என்பது அமெரிக்காக்காரன் பண்ணின அட்டூழியம், இந்த ஆட்டத்தைப் பெற்றெடுத்த இங்கிலாந்தில் அப்படி ஒரு பேரே கிடையாது என்று சொல்லுங்கள், போதும் என்றார்.

கோகிலவாணி கொஞ்சம் தயங்கினாள்.

"அண்ணா, அந்தப் பேர வெச்சதே இங்கிலாந்துக்காரங்கதான்."

பூபதி கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

அவள் நிதானமாகச் சொன்னாள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஃபுட்பால் என்ற பேரில் பல ஆட்டங்கள் இருந்தன. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஒன்று, உதைப்பது ஒன்று. உதைக்கிற ஆட்டத்துக்கு ஓர் அசோசியேஷன் விதிகளை எழுதியது. அதனால் அது அசோசியேஷன் ஃபுட்பால். அங்கே படித்த கல்லூரிப் பையன்கள் எதையும் சுருக்கிக் கூப்பிடுகிறவர்கள். இங்கிலீஷில் அசோசியேஷன் என்பதன் நடுவிலிருந்து எஸ்-ஓ-சி என்ற மூன்று எழுத்தை உருவி, வாலில் கொஞ்சம் சேர்த்து, சாக்கர் ஆக்கிவிட்டார்கள். பிற்பாடு இங்கிலாந்து அதைக் கைவிட்டது. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் விடாமல் வைத்துக்கொண்டன, ஏனென்றால் அங்கே ஃபுட்பால் என்ற பேரை வேறு ஆட்டங்கள் பிடித்துக்கொண்டன. இத்தாலிக்காரன் இரண்டும் வேண்டாமென்று உதை என்று பொருள்படத் தன் பாஷையிலேயே கால்ச்சோ என்கிறான்.

"எந்த ஊர்ல எந்த ஆட்டத்துக்கு மவுசு ஜாஸ்தியோ, வெறும் பேரு அதுக்குப் போயிடும்ணா. மத்ததெல்லாம் இனிஷியல் போட்டுத்தான் பொழைக்கணும்."

பூபதிக்கு அந்த நியாயம் புரிந்தது. புரிந்ததுதான் கோபத்தை அதிகமாக்கியது. இத்தனை நாள் அமெரிக்காவை மட்டும் திட்டிக்கொண்டிருந்தவருக்கு இப்போது இங்கிலாந்தையும் சேர்த்துத் திட்டவேண்டியிருந்தது. பெற்ற தாயே பிள்ளைக்கு இரண்டு பேர் வைத்துவிட்டு, ஒன்றை ரோட்டில் விட்டுவிட்டுப் போனால் ஊரான் என்ன செய்வான்? இத்தாலிக்காரன் ஒருத்தன்தான் மானமுள்ளவன் என்று முடிவு செய்துகொண்டு நேராக அன்புவின் கடைக்குப் போனார்.

"சாக்கர் வேண்டாம், ஃபுட்பால் வேண்டாம், கால்பந்தும் வேண்டாம். பேரே இல்லாம ஒரு பேனர் அடி," என்றார்.

அன்பு அவர் முகத்தைப் பார்த்தான். இது வாதாடும் நேரமில்லை என்று தெரிந்தது. யோசித்து, பெரிய எழுத்தில் சுருக்கமாக அடித்தான்: "நாளை சங்ககிரியில் மாபெரும் மேட்ச்! அனைவரும் வருக!" அதே வாசகத்தை ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்ல ஏற்பாடு செய்தான். பூபதி ஓய்ந்துபோய்த் தலையாட்டினார். வரமாட்டோம் என்ற அணிகளிடம் அவரே ஒவ்வொருவராகப் பேசி, கெஞ்சி, உருண்டைப் பந்துதான், கழகத்தின் பழைய பந்துதான் என்று சத்தியம் செய்து வரவழைத்தார். சின்னானின் வீட்டுக்கும் போய்க் கையுறைகளைக் கொடுத்துவிட்டு வந்தார்.

காலையில் மைதானத்துக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

கூட்டம். மைதானத்தைச் சுற்றிலும் தலை. வேப்பமரக் கிளையில் ஆள். காம்பவுண்டுச் சுவரில் ஆள். டெம்போவிலும் டிராக்டரிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். குடை, தண்ணீர்ப் பாட்டில், முறுக்குப் பொட்டலம், விசில், ஊதுகுழல். இத்தனை நாளாக யாருக்காக ஆடுகிறோம் என்று தெரியாமல் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அம்மாபேட்டைக் கேப்டன் வந்து, உங்கள் ஊரில் இப்படி ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று தெரியாமல் பேசிவிட்டேன் என்று பூபதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

 இந்த ஜனங்களையா அற்பமாக நினைத்தோம் என்று பூபதிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. சிட்னிக்கு வீடியோ கால் போட்டுக் கூட்டத்தைக் காட்டினார். பேரில் என்ன இருக்கிறது ஜீவா, ஆட்டம் ஆட்டம்தான், ஜனங்களுக்கு அது தெரியும் என்றார். ஜீவாவுக்கும் அங்கே கண் கலங்கியது.

ரங்கன் மேடையேறி மைக்கைப் பிடித்தார். வியாபாரிதான், ஆனால் சொன்ன சொல் மாறாதவர்.

"இத்தன சனம் வருமின்னு நான் நெனைக்கலீங்க. இந்த எடத்துல இனி லாரி நிக்காது. நாளைக்கே பத்திரத்துல எழுதித் தாரேன்."

விசில் பறந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சாரதாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோகிலவாணி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாமா என்று சைகை காட்டினாள். வலை எடுக்கப் போன பையன்கள் இன்னும் வரவில்லை. வெள்ளையடித்த கோல் போஸ்ட் வெறுமனே வெயிலில் பளபளத்தது. பூபதி அதை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு, கோட்டுக்கு அப்பால் துண்டு விரித்து முதல் ஆளாக உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டார். தேவூர்ப் பக்கத்திலிருந்து பேரன் பேத்தியோடு விடிவதற்கு முன்னமே வந்துவிட்ட ஆண்டி என்பவர் அவர். பதிலுக்குக் கும்பிட்டு, போஸ்ட்டை மேலும் கீழும் கவனமாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"எல்லாஞ் செரிங்க சாமி, நடு ஸ்டம்ப்ப எப்பங்க நடுவீங்க?"